உதைபந்தாட்டம் சோறு போடுமா?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாவிற் பேச வேண்டுமென்று சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து கேட்டபொழுது, "தம்பி, சமயமோ இலக்கியமோ பேசுதற்கு உரும்பிராயில் என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர். எனக்குத் தெரிந்தது பந்து ஒன்றே" என்று சொன்னேன். "ஐயா, அதைப் பற்றியே பேசுங்கள். இப்பொழுது எங்கள் ஊரிலே வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கு" என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. மகன் மைதானத்துக்குப் போகிறான். தகப்பனார் வாசலில் நின்று கோபிக்கிறார். தாயார் இருவருக்கும் நடுவில் நின்று கண்ணைத் துடைக்கிறார். ஆகவே அந்த வழக்கையே இன்று இச்சபையின் முன் எடுத்துக்கொள்கிறேன். வழக்கு இதுதான்: பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பந்தடிக்கும் பிள்ளை, அதையே தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா? உதைபந்தாட்டம் சோறு போடுமா?

இக்கேள்வியை நான் முதன்முதலிற் கேட்டது என் தகப்பனாரின் வாயிலிருந்து. 1973ஆம் ஆண்டு அது. நான் என் கல்லூரி அணியில் இடப்புற உள்வரிசை ஆட்டக்காரன். எங்கள் வீட்டில் செம்மண் தோட்டம், புகையிலையும் வெங்காயமும். விடியற்புறம் தண்ணீர் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்; பின்னேரம் பந்தடித்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புவேன். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்பொழுது ஒரு நாள் ஐயா என் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது சோறு போடுமோ?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. சப்பாத்தை அவர் உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் அதன்பின் போட்டிகளில் ஆடவில்லை. படித்தேன், ஆசிரியனானேன், இன்று பென்சன் எடுக்கிறேன்.

ஐயா காலமான பின்பு பழைய பெட்டகத்தைத் திறந்தோம். உறுதிகளுக்கும் சாதகக் கட்டுகளுக்கும் அடியில் என் சப்பாத்து இருந்தது. எண்ணெய் பூசி, சீலையிற் சுற்றி, புழுப்பிடியாமல் வைத்திருந்தார். அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அவர் என் ஆட்டத்தை வெறுத்தவரல்லர். அவர் அஞ்சியது பசியை. பெரியோர்களே, உங்களிற் பலர் வாசலில் நின்று கோபிப்பதும் அந்த அச்சத்தினாலேதான் என்பதை நான் அறிவேன். வாலிபர்களும் அதை அறிய வேண்டும். ஆனால் அச்சம் ஒரு விடையாகாது. விடை வேண்டுமானால், அந்த வழியில் நடந்தவர்களை எடுத்து ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

நம் கடலுக்கு அப்பால் மலையாள தேசத்திலே திருச்சூர் என்றொரு நகரம் உண்டு. அந்நகரின் நகரசபை மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டிகள் நடக்கும்பொழுது, மெலிந்த கறுத்த சிறுவன் ஒருவன் சனங்களுக்கிடையிற் சோடாப் போத்தல் விற்றுக்கொண்டு திரிவான். ஒரு போத்தலுக்கு அவனுக்குக் கிடைப்பது பத்துப் பைசா. தகப்பனார் விபத்தொன்றில் இறந்துவிட்டார். தாயாரோ கூலி வேலை செய்து குடும்பம் காப்பவர். விற்பனை செய்துகொண்டே அவன் ஆட்டத்தைப் பார்ப்பான். ஆட்டம் முடிந்ததும் தானும் போய் ஆடுவான். அந்தச் சிறுவன்தான் 1969ஆம் ஆண்டு பிறந்த ஐ. எம். விஜயன். நம் வாலிபர்கள் அவரைத் 'திமிரு', 'பிகில்' முதலிய தமிழ்ப் படங்களிற் கண்டிருப்பார்கள். திரையிலே தோன்றுமுன் அவர் இந்திய தேசத்தின் உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதைச் சிலரே அறிவர்.

சோடா விற்ற பையன் அந்த நிலைக்கு வந்தது எப்படி? அதிர்ஷ்டத்தினாலா? கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படிப்படியாகப் பாருங்கள். முதலாவது, அவ்வூரிலே ஒரு நல்ல மைதானமும், அதில் ஆண்டுதோறும் பெரிய கழகங்கள் வந்து ஆடும் வழக்கமும் இருந்தன. நல்ல ஆட்டத்தைக் கண்ணாற் காணாத பிள்ளை நல்ல ஆட்டக்காரனாவது அரிது. இரண்டாவது, பள்ளிக்கூடப் பருவத்திலேயே பயிற்றுநர்களின் கண்ணில் அவர் பட்டார். ரி. கே. சாத்துண்ணி என்ற அனுபவசாலி அவரைப் பயிற்றினார். பந்தை எப்படி நிறுத்துவது, எப்பொழுது விடுவது, எப்பொழுது ஓடாமல் நிற்பது என்பவற்றை வீதியிற் கற்க முடியாது. அறிந்தவர் ஒருவர் சொல்லித் தரவேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அக்காலத்திற் கேரளப் பொலிஸ் அதிபராக இருந்த எம். கே. ஜோசப் என்பவர், இலாகாவுக்கென ஒரு சிறந்த உதைபந்தாட்ட அணியைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். அவர் விஜயனைப் பதினேழாம் வயதில் அவ்வணிக்குள் எடுத்துக்கொண்டார். அதாவது, பந்தடித்த காலுக்கு ஒரு மாதச் சம்பளம் கிடைத்தது. தாயாரின் அடுப்பு எரிந்தது. பையனின் மனம் ஆட்டத்தில் நின்றது.

1990ஆம் ஆண்டு கேரளப் பொலிஸ் அணி இந்தியாவின் பெடரேஷன் கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டம் நடந்தது எங்கே தெரியுமா? அதே திருச்சூரில். சோடா விற்ற கையினாலே கிண்ணத்தைத் தூக்கினார். அடுத்த ஆண்டும் அக்கிண்ணம் அவ்வணிக்கே கிடைத்தது. அதன்பின் கல்கத்தாவின் புகழ்பெற்ற மோகன் பகான் கழகம் அவரை அழைத்தது. பொலிஸ் உத்தியோகத்தை விட்டு, ஆட்டத்தையே முழுத் தொழிலாகக் கொண்டார். பஞ்சாபிலே ஒரு நெசவாலைக்குச் சொந்தமான ஜே. சி. ரி. அணியில் ஆடினார். 1996-97இல் இந்தியாவின் முதலாவது தேசிய லீக்கை அந்த அணி வென்றது. 1993, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்தியாவின் சிறந்த வீரரெனத் தெரிவானார். 1999இற் காத்மண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவிற் பூட்டானுக்கு எதிராகப் பன்னிரண்டாவது விநாடியிற் கோல் போட்டார். 2003இல் அருச்சுனா விருதும், 2025இற் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இவ்வளவும் கேட்டு வாலிபர்கள் கைதட்டத் தயாராகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

விஜயன் ஆடிய கழகங்களின் கதி என்ன? கொச்சியில் 1997இற் பெருமுழக்கத்துடன் தொடங்கப்பட்ட எப். சி. கொச்சின் என்ற கழகம் பணமின்றிச் சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. முதல் லீக்கை வென்ற ஜே. சி. ரி. அணியையும் 2011இல் அதன் உரிமையாளர் கலைத்துவிட்டனர். கோவில் கட்டுவதுபோல எழுப்பிய கழகங்கள் கொட்டகை பிரிப்பதுபோலப் பிரிந்து போயின. விஜயனுக்கு முதுமையில் நிழல் தந்தது எது? அவர் மீண்டும் சேர்ந்துகொண்ட அதே பொலிஸ் இலாகா. 2025ஆம் ஆண்டு அங்கிருந்தே ஓர் அதிகாரியாக ஓய்வு பெற்றார். காலுக்கு முப்பத்தைந்து வயதில் ஓய்வு வந்துவிடும். வயிற்றுக்கு ஓய்வு வருவதில்லை. இதனை மறவாதீர்கள்.

அவரோடு அதே பொலிஸ் அணியில் ஆடியவர் வி. பி. சத்தியன். இந்தியாவின் கப்டன், தற்காப்பு வரிசையில் மலைபோல நின்றவர், 1995இல் நாட்டின் சிறந்த வீரரெனப் பெயர் பெற்றவர். பின்னாளிற் சென்னையில் ஒரு வங்கியிற் பணி புரிந்தார். பழைய காயங்களின் நோவும், ஆட்டம் ஓய்ந்த பின் வந்த மனச்சோர்வும் அவரை வாட்டின. 2006இல், நாற்பத்தொரு வயதிலே, அகால மரணமடைந்தார். உத்தியோகம் இருந்தும் அவருடைய மனம் ஆறவில்லை. ஆட்டக்காரனைச் சூழப் பத்தாயிரம் பேர் நின்று ஆரவாரிப்பார்கள். அந்த ஆரவாரம் அடங்கிய பின் அவன் அருகில் யார் நிற்பார் என்பதுதான் கேள்வி. உங்களுடைய தோழன் ஒருவன் காயம்பட்டு அணியிலிருந்து நீக்கப்பட்டால், மறுநாள் அவன் வீட்டுக்குப் போங்கள். ஊரிலே ஒரு வாலிபர் சங்கம் இருப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். இவ்வூரிலே மலாயாப் பென்சனிற் கட்டிய வீடுகள் பல இருந்தன. அத்தேசத்திலே தமிழர் றெயில்வேயிலும் தோட்டத்திலும் மட்டும் பேரெடுக்கவில்லை, பந்திலும் பேரெடுத்தனர். ஆர். ஆறுமுகம் என்ற கோல் காவலர் 1970களில் மலேசியாவின் வாயிலைக் காத்தார். நீண்ட கைகளால் அவர் பந்தைப் பிடிக்கும் விதத்தைக் கண்ட சனங்கள் அவருக்குச் 'சிலந்தி மனிதன்' என்று பட்டம் சூட்டினர். 1980இல் அவ்வணி தென் கொரியாவை 2-1 என வென்று மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆனால் அரசியற் காரணத்தால் மலேசியா அவ்விழாவைப் பகிஷ்கரித்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்துப் பெற்ற இடம் ஒரு கையெழுத்திற் போயிற்று. 1988இல் அவர் வீதி விபத்தொன்றில் இறந்தபொழுது சீனரும் மலாயரும் தமிழரும் பேதமின்றித் துக்கங்கொண்டாடினர். பந்துக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இக்காலத்துக்கும் ஒரு சான்று உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு மகனாக வேல்ஸ் நாட்டில் வளர்ந்த விமல் யோகநாதன் என்ற இளைஞர், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டிற் பார்ன்ஸ்லி கழகத்தின் முதலணியில் இறங்கி, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதலாவது தமிழர் என்ற பெயரைப் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. செய்தி வந்த அன்று என் கைத்தொலைபேசிக்கு எத்தனை தகவல் வந்தன என்று சொல்ல முடியாது. எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனால் அந்தப் பதினெட்டு வயதுக்குப் பின்னால் உள்ள ஏற்பாட்டை எத்தனை பேர் கவனித்தோம்?

இங்கிலாந்திலே பெரிய கழகங்கள் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளிலிருந்தே தங்கள் பயிற்சிக்கூடங்களிற் பதிவு செய்கின்றன. பதினாறு வயதிற் சிலரைத் தெரிந்தெடுத்து இரண்டு வருட உபகாரப் பயிற்சி கொடுக்கின்றன. அந்த இரண்டு வருடமும் பந்தோடு படிப்பும் கட்டாயம். பதினேழு வயதுக்கு மேலேதான் தொழில்முறை ஒப்பந்தம் எழுதலாம். ஒவ்வொரு படியிலும் பெருந்தொகையினர் நீக்கப்படுகின்றனர். நீக்கப்பட்ட பிள்ளை வேறு வாழ்வு தேடிக்கொள்வதற்காகவே படிப்பைக் கட்டாயமாக்கினர். பணமும் மைதானமும் பயிற்றுநரும் நிறைந்த நாட்டிலேயே புத்தகத்தைக் கைவிடவில்லையானால், நம் பிள்ளைகள் அதைக் கைவிடலாமா?

நம் தீவின் நிலை என்ன? 1995இற் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை 1-0 என வென்றது. அந்த வெற்றியின் மேல் நாம் ஒன்றும் கட்டவில்லை. நம் சிறந்த ஆட்டக்காரர் சிலர் சம்பளத்துக்காக மாலைதீவுக் கழகங்களுக்குச் சென்றனர். முத்துப்போலச் சிறிய மாலைதீவு நம்மவர்க்குச் சம்பளம் கொடுத்தது! தொழில்முறை என்ற பெயருடன் முதலாவது சுப்பர் லீக் இங்கே தொடங்கியது 2021இலேதான். அதிற் பங்குகொண்ட பத்துக் கழகங்களில் வடமாகாணத்துக் கழகம் ஒன்றுதானும் இல்லை. 2023 ஜனவரியில் நிருவாகக் குழப்பங்களினால் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டிலேதான் தடை நீங்கியது. அந்த ஏழு மாதமும் பந்தடிக்கும் வாலிபனுக்கு வயது மட்டும் நிற்கவில்லை.

இத்தனை குறைக்குள்ளும் யாழ்ப்பாணத்திலே திறமை குன்றவில்லை. துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு கல்லூரி ஆட்டம் என்றால் மதிலேறி நிற்கும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளிற் பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறார்கள். தாய்மார்களே, மகளின் காலிலும் பந்து நிற்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

இப்பொழுது நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதை இச்சபையிற் சொல்வதா விடுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். யார் என்று சொல்லமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். மகன் பதினேழு வயது, உயர்தர வகுப்பு, மாவட்டத்திலே பேசப்படும் ஆட்டக்காரன். தகப்பனார் இல்லை. தாயார் வாயைத் திறவாமல் மடியிலிருந்த சிறு பொட்டலத்தை அவிழ்த்தார். தாலிக்கொடியும் இரண்டு காப்பும். "மாஸ்ரர், இதை அடைவு வைத்தால் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். விசாரித்தேன். தரகர் ஒருவர் தொலைபேசியில் வந்திருக்கிறார். ஐரோப்பாவில் ஒரு கழகம் பையனைத் தெரிந்தெடுத்துவிட்டதாம். பன்னிரண்டு இலட்சம் ரூபா முதலிற் கட்டவேண்டுமாம். பையன் புத்தகத்தை மூடிவிட்டான். "அம்மா, ஒரு வருடத்தில் மீட்டுத் தருவேன்" என்று சத்தியம் செய்திருக்கிறான்.

நான் பையனை அழைத்துவரச் சொன்னேன். வந்தான். திட்டவில்லை. பக்கத்தில் இருத்தி மூன்று கேள்வி கேட்டேன். "தம்பி, அந்தக் கழகத்தவர் யாராவது உன் ஆட்டத்தை நேரிற் பார்த்தார்களா?" "இல்லை, வீடியோ அனுப்பினேன்." "உன் கழகத்துக்கோ கொழும்புச் சம்மேளனத்துக்கோ அவர்கள் கடிதம் எழுதினார்களா?" "இல்லை." "உனக்கு வயது என்ன?" "பதினேழு." அப்பொழுது நான் சொன்னேன்: "உலகச் சம்மேளனத்தின் சட்டப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவது தடை. 2023 முதல் தரகர்களும் அச்சம்மேளனத்தின் அனுமதிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். உண்மையான கழகம் ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்குமே அல்லாது ஆட்டக்காரனின் தாயிடம் பணம் கேட்காது." பையன் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியானால் எனக்கு வழி என்ன, சேர்?" என்று கேட்டான்.

சபையோர்களே, என் தகப்பனார் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து இந்தப் பையன் கேட்ட கேள்விக்கும் என்னிடம் விடை இல்லையென்றால், நான் ஆசிரியனாயிருந்து பயன் என்ன? நகை அன்று அடைவுக்குப் போகவில்லை. அது பாதி வேலைதான். "போகாதே" என்று சொல்வது எளிது. "இப்படிப் போ" என்று காட்டுவதுதான் கடன். ஆகவே அவனுக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பரீட்சையை எழுது. இது பந்தை விடு என்பதற்காகச் சொல்வதன்று; பந்துக்காகவே சொல்கிறேன். இந்நாட்டிற் பல்கலைக்கழக அனுமதியிலே, விளையாட்டில் விசேட திறமை காட்டியோருக்கெனச் சிறிய ஒதுக்கீடு உண்டு. அதற்கும் உயர்தரப் பரீட்சையில் உரிய சித்தி வேண்டும். சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்திலே விளையாட்டு விஞ்ஞானத்தைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். பயிற்றுநராவதற்கு ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் சான்றிதழ்கள் படிப்படியாக உள்ளன. மத்தியஸ்தர் வேலை உண்டு. உடற்பயிற்சி ஆசிரியர் வேலை உண்டு. காயம்பட்ட காலைக் குணமாக்கும் இயன்முறை வைத்தியம் உண்டு. பதினொருவர் ஆடும் ஆட்டத்தை நடத்த ஐம்பது பேர் வேண்டும். அந்த ஐம்பதில் ஓரிடம் படித்த பிள்ளைக்கு என்றும் திறந்திருக்கும்.

இரண்டாவது, ஒழுங்காகப் பதிவு பெற்ற கழகத்தில் ஆடு. கொழும்பிலே பல இலாகாக்களும் கழகங்களும் அணி வைத்திருக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பியதும், உன் பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு, பகிரங்கமாக நடக்கும் தெரிவுக்குப் போ. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். படித்தவர் ஒருவர் வாசித்த பின்பு கையெழுத்திடு. மூன்றாவது, உனக்கு நீயே ஓர் எல்லை வைத்துக்கொள். இருபத்திரண்டு வயதுக்குள் சம்பளம் தரும் அணி கிடைக்கவில்லையானால், பந்தை அன்புக்காக ஆடு. சோற்றுக்கு வேறு தொழில் செய். அதில் அவமானம் ஒன்றுமில்லை. சோற்றுக்கு வேறு தொழில் செய்துகொண்டே ஆடிய பெரியோர் உலகெங்கும் உளர்.

பையன் இதைக் கேட்டு மகிழ்ந்தானென்று நான் பொய் சொல்லமாட்டேன். முகம் வாடித்தான் போனான். ஆனால் மறுநாள் விடிய மைதானத்திலே ஓடிக்கொண்டிருந்தான். பின்னேரம் ரியூசனுக்கும் போனான் என்று அறிந்தேன். முடிவு எப்படியாகும் என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா என்பது நம் பழமொழி. பிள்ளையின் சப்பாத்தைப் பெட்டகத்தில் ஒளித்தால், அவன் ஒளித்து ஆடுவான். ஒளித்து ஆடுகிறவனைத்தான் தரகன் பிடிக்கிறான். வீட்டிலே வெளிச்சமாகப் பேசப்படும் விஷயத்திற் கள்ளன் நுழைய இடமில்லை. வருடத்தில் ஓர் ஆட்டத்தையாவது போய்ப் பாருங்கள். என் ஐயா என் ஆட்டத்தை ஒருமுறை வந்து பார்த்திருந்தால், சப்பாத்தை வாங்கியபொழுதும் எனக்கு அவ்வளவு நொந்திராது.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒன்று. விஜயனின் கோலை மட்டும் பாராதீர்கள். அவர் சுமந்த சோடாப் பெட்டியையும் பாருங்கள். குறுக்கு வழியில் ஒருவனும் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை. பின்னேர ஆட்டத்துக்கு வரும் நீங்கள் இரவிலே மதுவுக்கும் தூளுக்கும் காலை விற்றுவிடாதீர்கள். அந்தக் கால் உங்களுடையது மட்டுமன்று. தாயாரின் தாலிக்கொடியும் அதில்தான் தொங்குகிறது.

சங்கத்தாருக்கு என் யோசனைகள் நான்கு. ஒன்று: ஆண்டுதோறும் விழாவுக்குச் செலவிடும் பணத்திற் பத்தில் ஒரு பங்கை விளையாட்டு நிதியாக ஒதுக்குங்கள், சப்பாத்து வாங்க இயலாத பிள்ளைக்குச் சப்பாத்தும், காயம்பட்ட பிள்ளைக்கு வைத்தியச் செலவும் அதிலிருந்து கொடுங்கள். இரண்டு: மைதானத்துக்கு வரும் மாணவர்க்கு ஆட்டம் முடிந்த பின் சங்க மண்டபத்தில் ஒரு மணி நேரம் படிப்பு நடத்துங்கள். கணிதம் சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன். மூன்று: வெளிநாட்டு அழைப்பு என்று எந்தக் கடிதம் வந்தாலும் பெற்றோர் கொண்டுவந்து காட்டுதற்கு, ஓர் ஆசிரியர், ஒரு சட்டத்தரணி, ஒரு பயிற்றுநர் அடங்கிய சிறு குழுவை நியமியுங்கள். நான்கு: ஒவ்வொரு பிள்ளையும் எந்தக் கழகத்தில், எந்தத் திகதி முதல் ஆடினான் என்று பதிவேடு வையுங்கள். சர்வதேச மாற்றத்துக்குக் கழகங்கள் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதம், அந்த வீரனைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது உலகச் சட்டம். நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் ஒரு நாள் அந்த உயரத்தை எட்டினால், அவனை வளர்த்த ஊர்க் கழகத்தின் உரிமைக்கு அந்தப் பதிவு சான்றாகும்; அடுத்த பிள்ளையின் சப்பாத்து அதிலே வரும்.

இனி வழக்கின் தீர்ப்பைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். உதைபந்தாட்டம் சோறு போடுமா? ஆயிரத்தில் ஒருவனுக்குப் போடும். அந்த ஒருவன் நம் ஊரிலிருந்தும் வரலாம். மற்றைய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் அது சோறு போடாது. ஆனால் அந்தச் சோற்றை உழைத்து உண்ணும் உடலைக் கொடுக்கும். தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கும் உள்ளத்தைக் கொடுக்கும். ஆயிரம் பேரையும் ஆடவிட்டாலன்றி அந்த ஒருவன் யார் என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆயிரம் பேரையும் படிக்கவும் வைத்தாலன்றி மற்றையோர் கதி என்னவாகுமென்று சொல்லவும் முடியாது.

என் ஐயா எண்ணெய் பூசி வைத்த சப்பாத்து இன்றும் என் வீட்டிலே இருக்கிறது. அது இனி எவர் காலுக்கும் ஆகாது. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் அப்படியொரு சப்பாத்து இனிமேல் இருக்கக் கூடாது என்பதே என் பிரார்த்தனை.